தனி ஊசல் சோதனை: செய்வது எப்படி, எழுதுவது எப்படி

பள்ளி ஆய்வகத்தில் சீக்கிரமே ஒட்டிக்கொள்ளும் ஒரு பழக்கம் உண்டு. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று புத்தகத்தில் இருக்கிறது. நம் அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டால் 10.8 வருகிறது. உடனே அட்டவணையில் இருக்கும் நேரங்களைக் கொஞ்சம் கூட்டி எழுதி, 9.8 வரவைத்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். யாரும் இதைப் பெரிய தப்பாக நினைப்பதில்லை. நான் நினைக்கிறேன். அந்த 10.8 சும்மா வந்த எண் இல்லை. எங்கே தவறு நடந்தது என்று அதுவே சொல்லிக்கொண்டிருந்தது. எண்களை மாற்றியதும் அந்தத் தகவல் அழிந்துபோனது.

ஒரு சோதனையை எடுத்துக்கொண்டு, கருவியைக் கட்டுவதிலிருந்து ரெக்கார்டு எழுதுவது வரை இங்கே சொல்கிறேன். தனி ஊசலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், ஆய்வகம் இல்லாவிட்டாலும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்பதுதான். நூல், ஒரு கனமான பொருள், அளவு நாடா, செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் ஆகியவை போதும். ஒன்பதாம் வகுப்பு மாணவரும் செய்யலாம், பதினொன்றாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்குத் தயாராகிறவரும் செய்யலாம்.

எதை அளக்கப் போகிறோம்

நூலில் தொங்கும் குண்டு ஒரு முறை போய்த் திரும்பி, கிளம்பிய இடத்துக்கே வந்தால் அது ஓர் அலைவு. அதற்கு ஆகும் நேரம் அலைவு நேரம். வீச்சு, அதாவது குண்டு நடுவிலிருந்து விலகும் அளவு, சிறியதாக இருக்கும்வரை இந்த நேரம் ஊசலின் நீளத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் (ஜி) மட்டுமே பொறுத்தது. குண்டின் எடை கணக்கில் வராது. சூத்திரத்தை நமக்கு வசதியாக இப்படி மாற்றி எழுதிக்கொள்ளலாம்:

ஜி = 39.48 × நீளம் ÷ (அலைவு நேரம் × அலைவு நேரம்)

39.48 என்பது நான்கு பை வர்க்கத்தின் மதிப்பு. நீளத்தை மீட்டரிலும் நேரத்தை விநாடியிலும் போட்டால் விடை மீ/வி² அலகில் வரும். ஒரு மீட்டர் நீள ஊசலுக்கு அலைவு நேரம் ஏறக்குறைய 2 விநாடி. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 80 செ.மீ. ஊசலுக்கு 3 விநாடி என்று வந்தால், கணக்கே போடாமல் ஏதோ தவறு என்று தெரிந்துவிடும்.

கட்டுவது

ஆய்வகத்தில் தாங்கி, பிளந்த தக்கை, கொக்கி வைத்த உலோகக் குண்டு எல்லாம் இருக்கும். வீட்டில் என்றால் ஒரு பெரிய நட்டோ சின்னப் பூட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நூலை ஆணியில் சுற்றிக் கட்டிவிடாதீர்கள். ஊசல் ஆடும்போது நூல் ஆணியின் மேல் ஏறி இறங்கும், தொங்கும் புள்ளி இடம் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு தட்டையான மரச்சட்டங்களுக்கு நடுவே நூலை இறுக்கிப் பிடிக்கச் செய்யுங்கள். சட்டத்தின் கீழ் விளிம்புதான் தொங்கும் புள்ளி. தக்கையின் பிளவு செய்வதும் இதே வேலைதான்.

இழுபடும் நூல் வேண்டாம். சாதாரணப் பருத்தி நூல் போதும், ஆனால் குண்டைத் தொங்கவிட்டுச் சில நிமிடங்கள் கழித்து, அது தொங்கிக்கொண்டிருக்கும்போதே நீளத்தை அளக்க வேண்டும். மேசையில் படுக்கப்போட்டு அளந்த நூலும் எடை தாங்கி நிற்கும் நூலும் ஒரே நீளம் இருக்காது.

நீளம் என்பது தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை. நிறையப் பேர் தடுமாறும் இடம் இது. நூலின் நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு குண்டின் ஆரத்தை விட்டுவிடுகிறார்கள். வெர்னியர் அளவியால் குண்டின் விட்டத்தை அளந்து, பாதியாக்கி, கொக்கியின் நீளத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள். 80 செ.மீ. ஊசலில் 1 செ.மீ. ஆரத்தை விட்டுவிட்டால் 9.77 வரவேண்டிய விடை 9.65 ஆகிவிடும்.

அப்புறம், மின்விசிறியை அணைத்துவிடுங்கள். வெயில் காலத்தில் சிரமம்தான், ஆனாலும் அணைத்துவிடுங்கள்.

நேரம் எடுப்பது

சோதனையின் உயிர் இந்தக் கட்டத்தில் இருக்கிறது. அவசரப்படாதீர்கள்.

முதலில், ஏன் ஓர் அலைவின் நேரத்தை நேரடியாக அளப்பதில்லை? ஸ்டாப்வாட்ச் நூறில் ஒரு பங்கு விநாடி வரை காட்டும். ஆனால் கண் பார்த்து, விரல் அழுத்துவதற்குள் 0.2 விநாடி போல முன்பின் ஆகிவிடும். 1.8 விநாடி அலைவு ஒன்றில் 0.2 என்பது நூற்றுக்குப் பதினொன்று. இருபது அலைவுகளைச் சேர்த்து அளந்தால் மொத்தம் 36 விநாடி. விரலின் தடுமாற்றம் அதே 0.2 தான், பிழையோ அரை சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. வைவா எனும் வாய்மொழித் தேர்வில் தவறாமல் கேட்கப்படும் கேள்வி இது. மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரே ஒரு அலைவைப் பத்து முறை அளந்து பாருங்கள், எண்கள் சிதறுவதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இரண்டாவது, எங்கே நின்று எண்ணுவது? பலரும் குண்டு ஓரத்துக்குப் போய் நிற்கும் இடத்தை வைத்து எண்ணுகிறார்கள். அந்த இடத்தில் அது மெதுவாகி, நின்று, திரும்புகிறது. எந்த நொடியில் திரும்பியது என்று சொல்வது கடினம். நடுவில் அது மிக வேகமாகக் கடக்கிறது. ஊசல் ஓய்ந்து நிற்கும்போது நூலுக்குப் பின்னால் சுவரிலோ அட்டையிலோ ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். குண்டு இடமிருந்து வலமாக அந்தக் கோட்டைக் கடக்கும்போது மட்டும் எண்ணுங்கள். வலமிருந்து இடமாக வருவதையும் சேர்த்தால் அரை அலைவுகளை முழு அலைவுகளாக எண்ணிவிடுவீர்கள்.

மூன்றாவது, எண்ணிக்கையைப் பூஜ்யத்தில் தொடங்குங்கள். ஸ்டாப்வாட்ச்சை அழுத்தும்போது வாயில் வரவேண்டிய சொல் ‘பூஜ்யம்’. ‘ஒன்று’ என்று தொடங்கி ‘இருபது’ என்று முடித்தால் நடந்தது பத்தொன்பது அலைவுகள்தான். கூட நண்பர் இருந்தால் ஒருவர் ‘மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்யம்’ என்று தாளமாகச் சொல்லட்டும், மற்றவர் பூஜ்யத்தில் அழுத்தட்டும். விட்டவுடன் எண்ணத் தொடங்காமல் இரண்டு மூன்று அலைவுகள் போன பிறகு தொடங்கினால் கை பதறாது.

வீச்சு சிறியதாக இருக்கட்டும். 80 செ.மீ. ஊசலை 7 செ.மீ. பக்கவாட்டில் இழுத்தால் கோணம் 5 டிகிரி. அது போதும். 10 டிகிரி வரை போனாலும் அலைவு நேரத்தில் ஏறத்தாழ 0.2 சதவீதம்தான் கூடும். 30 டிகிரிக்கு இழுத்தால் 1.7 சதவீதம் கூடி, ஜியின் மதிப்பு 9.5-க்கும் கீழே போய்விடும். குண்டைத் தள்ளாதீர்கள், விரலை மட்டும் எடுங்கள். தள்ளினால் அது நேர்கோட்டில் ஆடாமல் நீள்வட்டமாகச் சுற்றத் தொடங்கும். அப்படிச் சுற்றினால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

ஒவ்வொரு நீளத்துக்கும் மூன்று முறை நேரம் எடுங்கள். 40 செ.மீ. முதல் 120 செ.மீ. வரை ஐந்து நீளங்கள் இருந்தால் நல்லது.

கவனிப்பு நோட்டு

அளவுகளைத் துண்டுத் தாளில் குறித்துவிட்டு அப்புறம் அழகாக எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். துண்டுத் தாள் தொலையும். தொலையாவிட்டாலும், அழகாக எழுதும்போது கை தானாகவே எண்களைச் சீராக்கிவிடும். ஸ்டாப்வாட்ச்சில் பார்த்த எண் நேராக நோட்டுக்குப் போக வேண்டும், பேனாவில்.

பக்கத்தின் மேலே தேதி, நேரம், கூட இருந்தவர் பெயர், எந்தக் கருவி என்பதைக் குறியுங்கள். நீளத்தை எதனால் அளந்தீர்கள், அதில் மிகச்சிறிய பிரிவு எவ்வளவு என்று எழுதுங்கள். அட்டவணையைச் சோதனை தொடங்கும் முன்பே கோடு போட்டு வைத்துக்கொண்டால், எதை அளக்க மறந்தோம் என்பது காலியான கட்டத்தைப் பார்த்ததும் தெரியும். அலகை ஒவ்வொரு எண்ணுக்கும் எழுத வேண்டாம், நெடுவரிசையின் தலைப்பில் ஒரு முறை எழுதினால் போதும்.

தவறாகப் போன அளவை அழிக்காதீர்கள். ஒயிட்னர் வேண்டவே வேண்டாம். ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: ‘மேசையில் கை பட்டது’, ‘எண்ணிக்கை தவறிவிட்டது’. காரணம் எதுவும் தெரியவில்லை, ஆனால் எண் மட்டும் ஒத்துவரவில்லை என்றால் அதை அடிக்க உங்களுக்கு உரிமை இல்லை. அது அப்படியே இருக்கட்டும். இன்னும் இரண்டு முறை அளந்து அவற்றையும் எழுதுங்கள்.

கணக்கும் பிழை அளவும்

ஓர் எடுத்துக்காட்டு. 80.0 செ.மீ. நீளத்துக்கு இருபது அலைவுகளின் நேரம் மூன்று முறை இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: 35.81, 36.08, 36.02 விநாடி. சராசரி 35.97. இருபதால் வகுத்தால் 1.7985. அதன் வர்க்கம் 3.2346. சூத்திரத்தில் போட்டால் கால்குலேட்டர் 9.7644 என்று காட்டும்.

அந்த நான்கு இலக்கத்தையும் எழுதிவிடலாமா? கூடாது. மூன்று நேரங்களும் 35.81-க்கும் 36.08-க்கும் நடுவே சிதறியிருக்கின்றன. சிதறலில் பாதி 0.14 விநாடி, அதாவது 36-இல் 0.4 சதவீதம். நேரம் சூத்திரத்தில் வர்க்கமாக வருவதால் அது இரட்டிப்பாகி 0.8 சதவீதம் ஆகிறது. நீளத்தில் 2 மி.மீ. சந்தேகம் இருந்தால் அது 0.25 சதவீதம். இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ ஒரு சதவீதம். 9.76-இல் ஒரு சதவீதம் 0.1. ஆகவே விடை:

ஜி = 9.8 ± 0.1 மீ/வி²

இவ்வளவுதான் உங்கள் அளவுகளுக்குத் தெரியும். அதற்கு மேல் வரும் இலக்கங்கள் கால்குலேட்டருக்குச் சொந்தம். பிழை அளவு போடுவதைச் சில பள்ளிகளில் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் போடுங்கள். விடை புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா இல்லையா என்ற கேள்விக்கு, பிழை அளவு இல்லாமல் பதிலே கிடையாது. 9.7 என்பது 9.8-க்குச் சமமா? ± 0.1 என்றால் ஒத்துப்போகிறது, ± 0.02 என்றால் ஒத்துப்போகவில்லை.

வரைபடம்

கிடை அச்சில் நீளம், செங்குத்து அச்சில் அலைவு நேரத்தின் வர்க்கம். புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழ வேண்டும். கோட்டின் சாய்வு மீட்டருக்கு 4.03 விநாடி வர்க்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும். 39.48-ஐச் சாய்வால் வகுத்தால் ஜி.

புள்ளிகளைச் சின்னப் பெருக்கல் குறியாகப் போடுங்கள். புள்ளியிலிருந்து புள்ளிக்குக் கோடு இழுக்காதீர்கள். எல்லாப் புள்ளிகளுக்கும் நடுவாக, ஊடுருவித் தெரியும் ஸ்கேலை வைத்து ஒரே கோடு போடுங்கள். சாய்வைக் கோட்டின் மேல் தள்ளித்தள்ளி இருக்கும் இரண்டு இடங்களிலிருந்து எடுங்கள், அட்டவணை எண்களிலிருந்து எடுத்தால் கோடு போட்டதே வீண்.

முடிந்தால் சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே பென்சிலில் வரைந்துகொண்டே போங்கள். ஒரு புள்ளி தனியே துள்ளி நின்றால், ஊசல் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும்போதே மறுபடி அளந்துவிடலாம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் ஒன்றும் செய்ய முடியாது.

வரைபடத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. குண்டின் ஆரத்தைச் சேர்க்க மறந்துவிட்டீர்கள், அல்லது பூட்டைத் தொங்கவிட்டதால் மையம் எங்கே என்று சரியாகத் தெரியவில்லை. எல்லா நீளங்களிலும் அதே அளவு குறைந்திருக்கும். அப்போது கோடு அப்படியே பக்கவாட்டில் நகருமே தவிர சாய்வு மாறாது. ஜி சரியாகவே வரும். கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல், கிடை அச்சைப் பூஜ்யத்துக்கு இடப்பக்கம் வெட்டும். எவ்வளவு தூரத்தில் வெட்டுகிறதோ அதுதான் நீங்கள் விட்டுவிட்ட நீளம். ஒரே ஒரு நீளத்தை வைத்துச் சூத்திரத்தில் போட்டவருக்கு இது தெரியவே தெரியாது.

விடை ஒத்துவராதபோது

தொடக்கத்தில் சொன்ன 10.8-க்கு வருவோம். பத்தொன்பது அலைவுகளை இருபது என்று எண்ணிவிட்டால் அலைவு நேரம் ஐந்து சதவீதம் குறையும், ஜி பதினொரு சதவீதம் கூடும். 9.78 போய் 10.8 வரும். ஆக 10.8 என்ற விடை ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கியதைக் காட்டிக்கொடுக்கிறது. ஓர் அலைவு கூடுதலாகப் போயிருந்தால் 8.9 வரும். கொஞ்சம் குறைவாக 9.6 என்று வந்தால் நீளத்தைப் பாருங்கள், 9.4 என்றால் வீச்சையும் பாருங்கள். எண்ணை மாற்றுவதற்குப் பதில் காரணத்தைத் தேடினால், திரும்ப அளக்கப் பத்து நிமிடம்தான் ஆகும்.

எல்லாம் சரிபார்த்தும் ஒத்துவரவில்லை என்றால்? அப்படியே எழுதுங்கள். 1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவின் கயேனுக்குப் போனார். பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியது. விநாடிக்கு ஓர் அரை அலைவு சரியாக ஆடவைக்க ஊசலை மூன்று மி.மீ.-க்குக் கொஞ்சம் குறைவாகச் சுருக்க வேண்டியிருந்தது. அவர் பல மாதங்கள் திரும்பத் திரும்ப அளந்து அதையே எழுதினார். வெப்பத்தில் ஊசல் நீண்டிருக்கும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். 1687-இல் வெளியான தன் நூலில் நியூட்டன் இந்த அளவை எடுத்துக்கொண்டார். பூமி நடுப்பகுதியில் புடைத்திருக்கிறது, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஈர்ப்பு குறைவு என்பதற்கு அது சான்றானது. நிலநடுக்கோட்டில் ஜி 9.780, துருவங்களில் 9.832 என்று இன்று நமக்குத் தெரியும். சென்னையில் 9.78 அளவில் இருக்கும். 9.8 என்பதை நுணுக்கமாக எழுதும்போது பலரும் போடும் 9.81 நம் ஊருக்கு உரிய எண்ணே இல்லை.

ஆசிரியர் 9.8 வந்தால்தான் கையெழுத்து என்று சொன்னால் என்ன செய்வது? வாதம் செய்ய வேண்டாம். நோட்டைக் காட்டி, ‘சார், எண்ணிக்கையைச் சரிபார்த்துவிட்டேன், நீளத்தையும் மறுபடி அளந்துவிட்டேன், பிழை அளவு இவ்வளவு’ என்று சொல்லுங்கள். மூல அளவுகள் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலான ஆசிரியர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். நேரமில்லாத ஆசிரியர்கூட, இன்னொரு முறை அளக்க அனுமதி கேட்டால் மறுப்பது அரிது.

ரெக்கார்டு எழுதுவது

அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான்: நோக்கம், தேவையான கருவிகள், சூத்திரம், செய்முறை, அட்டவணை, கணக்கீடு, முடிவு. கோடு போட்ட வலப்பக்கத்தில் எழுத்து, கோடில்லாத இடப்பக்கத்தில் பென்சிலில் படமும் அட்டவணையும். இதில் சொல்ல அதிகம் இல்லை. சில இடங்களில் மட்டும் கவனம் தேவை.

செய்முறையைப் புத்தகத்திலிருந்து பார்த்து எழுதினால் ‘ஊசலை அலையவிட வேண்டும், நேரத்தைக் குறிக்க வேண்டும்’ என்று கட்டளையாக வரும். நீங்கள் செய்து முடித்துவிட்டீர்கள். ‘80.0 செ.மீ. நீளத்தில் ஊசலைத் தொங்கவிட்டு, 7 செ.மீ. விலக்கி விட்டேன்’ என்று நடந்ததை எழுதுங்கள். உங்கள் ரெக்கார்டை மட்டும் வைத்துக்கொண்டு வேறொருவர் இதே சோதனையைத் திரும்பச் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். பள்ளியில் பழைய வடிவம்தான் வேண்டும் என்றால் அதில் எழுதுங்கள், ஆனால் எண்கள் உங்களுடையதாக இருக்கட்டும்.

‘பிழைக்கான காரணங்கள்’ என்ற தலைப்பில் ‘மனிதத் தவறு’ என்று எழுதுவது எதையும் சொல்லாது. ‘நூலின் நீளம் சோதனைக்குப் பின் 2 மி.மீ. கூடியிருந்தது’ என்று எழுதினால் அது தகவல். முடிவில் எண், அலகு, பிழை அளவு மூன்றும் ஒரே வரியில் வரவேண்டும். ‘ஆகவே ஜி கண்டறியப்பட்டது’ என்று மட்டும் முடிக்காதீர்கள்.

அடுத்த சோதனை

இதையே கொஞ்சம் நீட்டிக்கலாம். நீளத்தை மாற்றாமல் வேறு வேறு எடைகளைத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்ற விதி இங்கே கையில் பிடிபடும். பெரிய நட்டு மாட்டியதும் மையம் கீழே இறங்குகிறது, அதனால் நீளமும் மாறிவிடுகிறது. நூலைச் சுருக்கி அதைச் சரிசெய்த பிறகுதான் எடையால் வித்தியாசம் வருகிறதா என்று கேட்க முடியும். பயறு முளைப்பு மாதிரியான உயிரியல் சோதனைகளிலும் இதே கவனம் வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றிய கிண்ணமும் நல்ல தண்ணீர் ஊற்றிய கிண்ணமும் ஒரே ஜன்னலோரத்தில், ஒரே அளவு ஈரத்தில் இருக்க வேண்டும்.

வீச்சை மாற்றிப் பார்ப்பது இன்னும் சுவையானது. 45 டிகிரிக்கு இழுத்துவிட்டால் அலைவு நேரம் 4 சதவீதம் கூடவேண்டும். ஆனால் இருபது அலைவுகளுக்குள் வீச்சு குறைந்துகொண்டே போகும், அதனால் ஐந்தைந்து அலைவுகளாக எடுத்து, ஒவ்வொரு முறையும் மறுபடி 45 டிகிரிக்கு இழுத்து விட வேண்டும். எத்தனை முறை எடுத்தால் விரலின் தடுமாற்றத்தைத் தாண்டி அந்த 4 சதவீதம் கண்ணுக்குத் தெரியும் என்பதைத் தொடங்கும் முன்பே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.